1933 மார்ச்: அந்த ஒரு மாதத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கு உலக வரலாறு சொல்லித் தந்த ஆண்டுகளில், இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை எடுக்கும்போதெல்லாம் ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை 1933ஆம் ஆண்டு மார்ச் மாதத்தைச் சுற்றியே இருந்ததைக் காலப்போக்கில் கவனித்தேன். கேட்டவர்களின் சொற்களை மாற்றாமல், கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு மாதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு? 1929, 1939 போதாதா?

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. 1939இல் போர் தொடங்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் பாதை திரும்பியது என்று தேடுபவர் 1933 மார்ச்சில் வந்து நிற்பார். அந்த 31 நாள்களில் ஜெர்மனி தன் நாடாளுமன்றத்தின் சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசுக்கு எழுதிக் கொடுத்தது. ஆஸ்திரியாவின் நாடாளுமன்றம் செயலிழந்தது. அமெரிக்காவில் வங்கிகள் அனைத்தும் மூடப்பட்டுப் புதிய குடியரசுத் தலைவர் பொறுப்பேற்றார். நாடுகளின் சங்கத்திலிருந்து விலகுவதாக ஜப்பான் எழுத்து மூலம் அறிவித்தது.

இவற்றில் பல, சட்டத்தை வெளிப்படையாக மீறி நடந்தவை அல்ல என்பதே என்னை மீண்டும் மீண்டும் இந்த மாதத்துக்கு இழுப்பது. சட்டப் பிரிவு, வாக்கெடுப்பு, கையொப்பம் என்று எல்லாம் முறைப்படி இருந்ததாகவே தாளில் தெரியும். அந்த முறைக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் கீழே உள்ள பல கேள்விகள் தொடுகின்றன.

ரூஸ்வெல்ட் நவம்பர்லயே ஜெயிச்சிட்டாரு, மார்ச் வரைக்கும் ஏன் காத்திருந்தாரு?

தேர்தல் 1932 நவம்பர் 8 அன்று நடந்தது. ஆனால் அமெரிக்காவில் புதிய குடியரசுத் தலைவர் மார்ச் 4 அன்று பொறுப்பேற்பதே அதுவரை வழக்கம். குதிரை வண்டியில் தலைநகருக்குப் பயணம் செய்த காலத்தில் அந்த நான்கு மாத இடைவெளிக்குப் பொருள் இருந்தது. தந்தியும் ரயிலும் வந்த பிறகு அது வெறும் காத்திருப்பு ஆகிவிட்டது. பதவிக் காலம் ஜனவரி 20 அன்று தொடங்கும் என்று மாற்றிய 20ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1933 ஜனவரியிலேயே உறுதியாகிவிட்டாலும், அது நடைமுறைக்கு வருவதற்குள் ரூஸ்வெல்ட் பழைய தேதியிலேயே பதவியேற்க நேர்ந்தது. மார்ச் 4 அன்று பொறுப்பேற்ற கடைசித் தலைவர் அவர்தான்.

அந்தக் காத்திருப்பு நாட்டுக்கு மலிவாக முடியவில்லை. தேர்தலில் தோற்றும் அதுவரை பதவியில் இருந்த தலைவர் ஹூவரால் எதையும் செய்ய முடியவில்லை. வென்ற ரூஸ்வெல்ட் பதவிக்கு முன்பு எதற்கும் பொறுப்பேற்க விரும்பவில்லை. பிப்ரவரி நடுவில் மிச்சிகன் மாநிலம் தன் வங்கிகளை மூட, அச்சம் மாநிலத்துக்கு மாநிலம் பரவியது. போதாக்குறைக்கு, பிப்ரவரி 15 அன்று மயாமியில் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்துச் சுட்ட துப்பாக்கிக் குண்டு, அருகில் நின்ற சிகாகோ மேயர் ஆன்டன் செர்மாக் மீது பாய்ந்தது. அவர் மார்ச் 6 அன்று இறந்தார். சுட்ட ஜூசெப்பே சங்காரா மார்ச் 20 அன்று மின்நாற்காலியில் மரண தண்டனைக்கு உள்ளானார். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

'வங்கி விடுமுறை'ன்னா என்ன? மக்கள் போட்ட பணம் போயிடுச்சா?

பெயர்தான் விடுமுறை; உண்மையில் அது கட்டாய மூடல். மக்கள் வரிசையில் நின்று வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும்போது எந்த வங்கியாலும் தாக்குப்பிடிக்க முடியாது. ஏனெனில் வங்கி அந்தப் பணத்தைக் கடனாக வெளியே கொடுத்திருக்கும். ரூஸ்வெல்ட் மார்ச் 6 அன்று நாடு முழுவதும் வங்கிகளை மூடும் பிரகடனத்தை வெளியிட்டார். அதற்கு அவர் பிடித்துக்கொண்ட சட்டம், முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டோடு வணிகம் செய்வதைத் தடுக்க 1917இல் இயற்றப்பட்டது.

மார்ச் 9 அன்று அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறி, அன்றிரவே கையொப்பமானது. கீழவையில் உறுப்பினர்களிடம் சட்ட முன்வரைவின் படிகள்கூட இல்லை. உரக்கப் படித்துக் காட்டியதைக் கேட்டே வாக்களித்தார்கள். மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரூஸ்வெல்ட் வானொலியில் மக்களிடம் நேரடியாகப் பேசி, வங்கி எப்படி இயங்குகிறது என்பதை எளிய சொற்களில் விளக்கினார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட மீண்டும் திறக்கப்படும் வங்கியில் வைப்பதே பாதுகாப்பு என்றார். மறுநாள் முதல் நலமாக இருந்த வங்கிகள் படிப்படியாகத் திறந்தபோது, எடுத்துச் சென்ற பணத்தைத் திரும்பப் போடுவதற்கு மக்கள் வந்தார்கள். மார்ச் 15 அன்று நியூயார்க் பங்குச் சந்தை திறந்தபோது டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 15 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது.

எல்லாருக்கும் பணம் கிடைத்ததா என்றால், இல்லை. சில ஆயிரம் வங்கிகள் உடனடியாகத் திறக்கவில்லை. அவற்றில் ஒரு பகுதி திறக்கவே இல்லை. வைப்புத்தொகைக்கான அரசுக் காப்பீடு அந்த ஆண்டின் ஜூனில் இயற்றப்பட்ட சட்டத்தால்தான் வந்தது.

ஹிட்லர் தேர்தல்ல ஜெயிச்சுத்தானே வந்தாரு?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் பாதி தவறாகும். 1932 நவம்பர்த் தேர்தலில் நாஜிக் கட்சி 33.1 விழுக்காடு வாக்குகளோடு தனிப்பெருங்கட்சியாக இருந்தது, பெரும்பான்மை இல்லை. 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரைப் பிரதமராக நியமித்தார். ஆகவே அவர் நியமனத்தால் வந்தவர். அந்த நியமனத்தைக் கேட்கும் வலுவை வாக்குகள் தந்திருந்தன.

மார்ச் 5 அன்று நடந்த தேர்தல் அவர் ஆட்சியில் அமர்ந்த பிறகு நடத்தியது. அதற்கு ஆறு நாள் முன்பு, பிப்ரவரி 27 இரவில், நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக் தீப்பற்றியது. மறுநாளே ஓர் அவசர ஆணை பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை, தனிமனித சுதந்திரம் ஆகியவற்றை நிறுத்திவைத்தது. கம்யூனிஸ்ட் தலைவர்கள் ஆயிரக்கணக்கில் கைதானார்கள். தெருக்களில் நாஜிப் படையினரே துணைக் காவலர்களாக நின்றார்கள். அந்த நிலையிலும் கட்சிக்குக் கிடைத்தது 43.9 விழுக்காடுதான், 647 இடங்களில் 288. கூட்டாளிகளான தேசியவாதிகளின் 52 இடங்களைச் சேர்த்தே 340 என்ற பெரும்பான்மை வந்தது. இத்தனை அச்சுறுத்தலுக்கு நடுவிலும் பாதிக்கு மேற்பட்ட ஜெர்மானியர் அவருக்கு வாக்களிக்கவில்லை என்பதைத் தேர்வுக்கு எழுதுவோர் மறந்துவிடக் கூடாது.

அதிகாரமளிப்புச் சட்டத்துல அப்படி என்னதான் எழுதியிருந்தது?

சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசுக்குத் தந்த அந்தச் சட்டத்தில் வெறும் ஐந்து பிரிவுகள். நாடாளுமன்றம் இயற்றுவதைப் போலவே அரசும் சட்டங்களை இயற்றலாம். அந்தச் சட்டங்கள் அரசியலமைப்பிலிருந்து விலகியும் இருக்கலாம். அவற்றைப் பிரதமரே தயாரித்து வெளியிடலாம். வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டாம். இந்தச் சட்டம் 1937 ஏப்ரல் 1 வரை செல்லும். இரண்டாவதில்தான் நஞ்சு இருந்தது. அரசியலமைப்பை மீறும் உரிமையை அரசியலமைப்பின் வழியாகவே பெற்றுவிட்டால், பிறகு எந்த நீதிமன்றத்தில் எதைச் சொல்லி முறையிடுவது?

மார்ச் 23 அன்று, எரிந்துபோன கட்டடத்துக்குப் பதிலாகப் பெர்லினின் க்ரோல் இசைநாடக அரங்கில் அவை கூடியது. உள்ளேயும் வெளியேயும் சீருடையணிந்த நாஜிப் படையினர் நின்றார்கள். எதிர்த்துப் பேசியவர் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஒட்டோ வெல்ஸ் ஒருவரே. 'எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம். எங்கள் மானத்தைப் பறிக்க முடியாது' என்ற பொருளில் அவர் சொன்னது, அந்த அவையில் ஒலித்த கடைசிச் சுதந்திரக் குரலாக நிலைத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த 94 பேரும் அவர் கட்சியினர்.

கம்யூனிஸ்டுகள் எல்லாரும் உள்ள வந்து ஓட்டுப் போட்டிருந்தா அந்தச் சட்டம் தோத்திருக்கும்ல?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரசியலமைப்பைத் திருத்த இரண்டு பூட்டுகள் இருந்தன: மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் அவையில் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். 647இல் மூன்றில் இரண்டு 432. கம்யூனிஸ்டுகளுக்கு 81 இடம், சமூக ஜனநாயகக் கட்சிக்கு 120 இடம். முன்னவர்களில் ஒருவரும் வர முடியவில்லை, பின்னவர்களில் 26 பேர் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். இந்த 201 பேரும் வந்து எதிர்த்திருந்தாலும் 444 என்பது 432ஐவிடக் கூடுதல். சட்டம் நிறைவேறியிருக்கும்.

எனவே முடிவு கத்தோலிக்கர்களின் மையக் கட்சியின் கையில்தான் இருந்தது. எழுபதுக்கும் சற்று மேற்பட்ட அவர்களுடைய வாக்குகளைக் கழித்தால் ஆதரவு 370 அளவுக்குச் சுருங்கும்; முழு அவையில் அது போதாது. அவர்களும் இடதுசாரிகளும் சேர்ந்து வராமலே இருந்திருந்தால் முதல் பூட்டே திறந்திருக்காது. இதை உணர்ந்துதான் அவைத் தலைவரான கோயரிங், காரணம் இல்லாமல் வராதவர்களையும் வந்தவர்களாகக் கணக்கிடும்படி அவை விதியை முன்கூட்டியே மாற்றிவைத்தார். மையக் கட்சித் தலைவர் லுட்விக் காஸ், திருச்சபையின் உரிமைகளுக்கு ஹிட்லர் எழுத்து மூலம் உறுதி தருவார் என்று நம்பிக் கட்சியை ஆதரிக்கச் செய்தார். அந்தக் கடிதம் வரவே இல்லை.

டாக்கவ் முகாம் யூதர்களுக்காகத்தான் தொடங்கினாங்களா?

தொடக்கத்தில் இல்லை. மூனிச் நகரக் காவல்துறைத் தலைவராக இருந்த ஹிம்லர் பத்திரிகைகளில் வெளிப்படையாக அறிவித்து, மார்ச் 22 அன்று, கைவிடப்பட்ட ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் இந்த வதைமுகாமைத் திறந்தார். மேலே சொன்ன வாக்கெடுப்புக்கு முந்திய நாள் அது. முதலில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் தொழிற்சங்கத்தாரும்தான். பிப்ரவரி 28 ஆணை இருந்ததால் அவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தத் தேவை ஏற்படவில்லை.

ஆனால் அங்கே யூதர்களும் இருந்தார்கள். ஏப்ரலில் முகாம் நாஜிக் கட்சியின் எஸ்எஸ் படையின் கைக்கு மாறியதும் முதலில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் யூதக் கைதிகளே. போலந்தில் நச்சுவாயுக் கூடங்களோடு அமைந்த அழிப்பு முகாம்கள் 1941ஆம் ஆண்டின் இறுதிக்குப் பிறகு வந்தவை. இரண்டையும் ஒன்றாக எழுதுவது தவறு. தொடர்பே இல்லாதவையாக எழுதுவதும் தவறு.

ஐன்ஸ்டீனை ஜெர்மனி நாடு கடத்திச்சா?

அவர் அப்போது ஜெர்மனியிலேயே இல்லை. கலிபோர்னியாவில் இருந்தபோதே இனித் திரும்புவதில்லை என்று மார்ச் நடுவில் அறிவித்துவிட்டு, மார்ச் 28 அன்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கினார். பிரஷ்ய அறிவியல் கழகத்துக்கு விலகல் கடிதம் அனுப்பி, கடவுச்சீட்டையும் தூதரகத்தில் ஒப்படைத்தார். வெளியேற்றும் வாய்ப்பை அவர் கழகத்துக்குத் தரவில்லை.

ஆஸ்திரியா நாடாளுமன்றம் தன்னைத்தானே கலைச்சுக்கிச்சாமே, அது எப்படி முடியும்?

'தன்னைத்தானே முடக்கிக்கொண்டது' என்பது அன்றைய அரசு பரப்பிய சொல். நடந்தது இது: மார்ச் 4 அன்று, சம்பளத்தைத் தவணையாகக் கொடுத்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ரயில்வே ஊழியர்களைப் பற்றிய தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. வேறுபாடு ஓரிரு வாக்குகளே. ஒரு வாக்குச்சீட்டு சரியா தவறா என்று சச்சரவு. அவைத் தலைவர் வாக்களிக்க முடியாது என்பதால், தம் கட்சிக்கு ஒரு வாக்கைக் கூட்ட கார்ல் ரென்னர் பதவியிலிருந்து விலகினார். அடுத்து இரண்டாம் தலைவர் ராமெக் விலகினார். அவரை அடுத்து மூன்றாம் தலைவர் ஷ்ட்ராஃப்னரும் விலகினார். மூன்று தலைவர்களும் போய்விட, கூட்டத்தை முடித்துவைக்கக்கூட ஆள் இல்லாமல் உறுப்பினர்கள் கலைந்தார்கள்.

சாதாரண நாளில் இது நாலு நாள் சிரிப்புக்கு உரிய செய்தி. பிரதமர் டால்ஃபுஸ் அதைச் சிரித்துவிட்டு விடவில்லை. போர்க்காலப் பொருளாதாரத்துக்காக 1917இல் இயற்றப்பட்டு, நீக்கப்படாமல் கிடந்த ஒரு சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, அதன்படி ஆணைகள் மூலம் ஆளத் தொடங்கினார். மார்ச் 15 அன்று ஷ்ட்ராஃப்னர் அவையை மீண்டும் கூட்ட முயன்றபோது காவல்துறை குறுக்கே நின்றது. அவை தானாக நின்றிருக்கலாம். மீண்டும் எழாமல் பிடித்து அழுத்தியது அரசுதான்.

ரூஸ்வெல்ட்டும் அவசர அதிகாரம்தானே எடுத்தாரு? அப்ப ஹிட்லர், டால்ஃபுஸ், இவரு மூணு பேருக்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி நியாயமானது. டால்ஃபுஸும் ரூஸ்வெல்ட்டும் ஆளுக்கொரு 1917ஆம் ஆண்டுப் போர்ச் சட்டத்தைத் தோண்டி எடுத்தார்கள் என்பது மேலே இருக்கிறது. படிக்காமலே சட்டம் நிறைவேற்றியதும் இருக்கிறது. பதவியேற்பு உரையிலேயே, தேவைப்பட்டால் அந்நியப் படையெடுப்பின்போது தரப்படும் அளவுக்கு விரிந்த நிர்வாக அதிகாரத்தைக் கேட்பேன் என்று ரூஸ்வெல்ட் சொன்னார். 'நாம் அஞ்ச வேண்டியது அச்சம் ஒன்றுக்கே' என்ற வரியை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

வேறுபாடு அதிகாரத்தைக் கேட்டதில் இல்லை. கேட்ட பிறகு எதிர்த்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் நாடாளுமன்றம் தொடர்ந்து கூடியது; 1934இல் தேர்தல் நடந்தது; ரூஸ்வெல்ட்டின் தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தை 1935இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது, அவர் அடங்கினார். ஜெர்மனியில் எதிர்த்தவர்கள் டாக்கவில் இருந்தார்கள். ஜூலை 14 அன்று நாஜிக் கட்சியைத் தவிர மற்றக் கட்சிகள் தடைசெய்யப்பட்டன. டால்ஃபுஸ் மார்ச் இறுதியிலேயே சமூக ஜனநாயகவாதிகளின் தொண்டர் படையைத் தடைசெய்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர்கள்மேல் பீரங்கியைத் திருப்பினார்.

ஜப்பான் நாடுகளின் சங்கத்தை விட்டது பிப்ரவரியா மார்ச்சா? ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொண்ணு இருக்கே.

சீனாவின் மஞ்சூரியாவை ஜப்பான் கைப்பற்றியதை ஏற்காத அறிக்கையை, பிப்ரவரி 24 அன்று சங்கத்தின் பேரவை 42க்கு 1 என்ற வாக்கில் ஏற்றது. எதிர்த்த ஒன்று ஜப்பான், சயாம் வாக்களிக்கவில்லை. அன்று ஜப்பானியப் பிரதிநிதி மட்சுவோகா தம் குழுவினரோடு எழுந்து வெளியேறினார். அது கூட்டத்திலிருந்து வெளிநடப்பு. முறைப்படியான விலகல் அறிவிப்பு மார்ச் 27 அன்று வந்தது. சங்கத்தின் ஒப்பந்தப்படி ஈராண்டு முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் விலகல் நடைமுறைக்கு வந்தது 1935 மார்ச்சில். 'வெளிநடப்பு', 'அறிவிப்பு', 'விலகல்' என்ற மூன்று சொற்களில் வினாவில் எது இருக்கிறது என்று பார்த்து எழுதினால் குழப்பம் இல்லை.

விவாதம் ஜெனீவாவில் நடந்துகொண்டிருக்க, ஜப்பானியப் படை ரெஹே மாகாணத்துக்குள் புகுந்து மார்ச் 4 அன்று அதன் தலைநகர் செங்டேயைப் பிடித்தது. சீன ஆளுநர் முன்னதாகவே தப்பி ஓடியிருந்தார். அதன் பின் சண்டை பெருஞ்சுவரின் வாயில்களுக்கு நகர்ந்தது.

அந்த மாசம் ஜப்பான்ல வந்த பூகம்பமும் அமெரிக்காவுல வந்ததும் ஒண்ணா?

இல்லை. மார்ச் 3 அதிகாலையில் ஜப்பானின் வடகிழக்கே சன்ரிகு கடற்கரைக்கு அப்பால் 8.4 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதிர்வு இடித்தது குறைவு; அரைமணி நேரத்தில் வந்த ஆழிப்பேரலையே சுமார் 3000 பேரைக் கொண்டுபோனது. 1896இல் இதே கரையில் ஏறத்தாழ 22,000 பேர் மாண்டிருந்தார்கள். மார்ச் 10 மாலையில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் வந்தது 6.4 அளவே, சுமார் 120 பேர் இறந்தார்கள். இடிந்தவற்றில் பள்ளிக் கட்டடங்கள் பல. பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்த நேரமாக இருந்ததால் தப்பினார்கள். பள்ளிகளைக் கட்டும் முறைக்கு அந்த மாநிலம் ஒரே மாதத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

உக்ரைன் பஞ்சம் அப்ப வெளியுலகத்துக்குத் தெரியவே தெரியாதா?

தெரிந்தது, நம்பவில்லை என்பதே சரி. மால்கம் மக்கரிஜ் எழுதிய கட்டுரைகள் மார்ச் கடைசி வாரத்தில் பெயரில்லாமல் மான்செஸ்டர் கார்டியனில் வெளிவந்தன. வேல்ஸ் நாட்டு இளைஞர் கேரத் ஜோன்ஸ் சோவியத் ஆட்சியில் இருந்த உக்ரைன் கிராமங்களில் நடந்தே சென்று பார்த்துவிட்டு, மார்ச் 29 அன்று பெர்லினில் செய்தியாளர்களிடம் தம் பெயரிலேயே சொன்னார். இரண்டே நாளில், மார்ச் 31 அன்று, நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுரான்டி அதை மறுத்து எழுதினார்: பசி உண்டு, பட்டினிச் சாவு இல்லை என்பது அவர் வாதம்.

அந்த மாதத்தில் மாஸ்கோ நிருபர்களின் கண் வேறொரு செய்தி மேல் இருந்ததும் ஒரு காரணம். மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் நிறுவனத்தின் ஆறு பிரிட்டிஷ் பொறியாளர்கள் நாசவேலைக் குற்றச்சாட்டில் மார்ச் நடுவில் கைதானார்கள். அந்த வழக்கில் செய்தி சேகரிக்கச் சோவியத் அரசின் தயவு தேவைப்பட்டது. பஞ்சத்தில் இறந்தவர்கள் பல இலட்சம். ஜோன்ஸ் பேசிய பிறகும் அது மாதக்கணக்கில் நீண்டது.

இந்தியாவுல அந்த மாசம் என்ன நடந்துச்சு?

காந்தி எரவாடா சிறையில் இருந்தார். வட்டமேசை மாநாடுகளின் முடிவாகப் பிரிட்டிஷ் அரசு வெள்ளை அறிக்கையை மார்ச்சில் வெளியிட்டது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் வித்து அதுவே. சென்னை மாகாணத்தில் 1937இல் ராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவை அந்தச் சட்டத்தின்கீழ் வந்தது. மாத இறுதியில் கல்கத்தாவில் கூடவிருந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது. தடையை மீறி அதற்குத் தலைமை ஏற்றவர் நெல்லி சென்குப்தா.

மார்ச் 4ஆம் தேதி மூணு நாலு இடத்துல ஒரே நாள்ல இவ்வளவு நடந்திருக்கே, எல்லாத்துக்கும் தொடர்பு உண்டா?

தேதி ஒத்துப்போனது தற்செயல். அன்று வாஷிங்டனில் பதவியேற்பு; வியன்னாவில் அவை முடங்கல்; செங்டே வீழ்ச்சி; தேர்தலுக்கு முந்திய நாள் என்பதால் கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து ஹிட்லரின் வானொலி உரை. ஆனால் வாஷிங்டன், வியன்னா, பெர்லின் மூன்றுக்கும் அடியில் ஒரே பொருளாதாரப் பெருமந்தம் ஓடியது. 1931 மே மாதம் வியன்னாவின் கிரெடிட்டான்ஸ்டால்ட் வங்கி நொறுங்கியதில் தொடங்கிய பீதி ஜெர்மன் வங்கிகளுக்குத் தாவியது. ஆஸ்திரிய ரயில்வேயால் முழுச் சம்பளம் தர முடியாமல் போன பண வறட்சியும் அந்தப் பெருமந்தத்தின் பகுதியே. செங்டேயின் வேர் தனி. மற்ற வல்லரசுகள் தங்கள் வீட்டுத் தீயை அணைத்துக்கொண்டிருந்ததால் அங்கே பார்க்க நேரமில்லாமல் போனது என்ற அளவில் மட்டும் தொடர்பு சொல்லலாம்.

இந்த அவசரச் சட்டமெல்லாம் கடைசியில எப்ப முடிஞ்சுது?

ஜெர்மனியின் சட்டத்துக்கு 1937 என்று கெடு இருந்தது; 1937, 1939, 1943 என மூன்று முறை நீட்டிக்கப்பட்டு, போரில் தோற்ற பிறகு 1945 செப்டம்பரில் நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு அதை நீக்கியது. அமெரிக்காவின் கதைதான் கேட்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். வங்கிகளுக்காக 1933 மார்ச்சில் பிரகடனம் செய்த தேசிய அவசரநிலையை யாரும் முறைப்படி முடித்துவைக்கவே இல்லை. 1973இல் செனட் குழு ஒன்று ஆராய்ந்து, 1933 மார்ச் 9 முதல் நாடு அவசரநிலையிலேயே இருந்துவருவதாக அறிக்கை தந்தது. 1976இல் தேசிய அவசரநிலைச் சட்டம் இயற்றப்பட்டு, அந்தப் பழைய அதிகாரங்கள் 1978 செப்டம்பரில் காலாவதியாயின. அதற்குள் ரூஸ்வெல்ட் இறந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.